குளிர்காலத்தில் 200 கிலோமீட்டர்: கொங்கு நாட்டில் நெடுந்தூரக் கூட்டு சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து கோவைக்கு சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முகத்தில் அறையும். சமதளத்திலேயே மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். கார்த்திகைக்குள் அந்தக் காற்று ஓய்ந்து கீழ்காற்று தொடங்கிவிடும். மழையும் விட்ட பிறகு, மார்கழி நடுவிலிருந்து மாசி வரை நம் பக்கம் நீண்ட தூரம் மிதிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. விடியற்காலையில் 18, 20 டிகிரி இருக்கும். வெயில் பதினொரு மணிக்கு மேல்தான் உறைக்கும்.

முதல் முறை 200 கிலோமீட்டர் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு குளிர்காலமாக இந்தப் பயணங்களில் மிதித்து வருகிறேன். பாதியில் நின்றவர்களில் கால் வலுவில்லாமல் நின்றவர்கள் குறைவு. இருட்டில் வேகமாகப் போய், கடைகளில் அதிகம் உட்கார்ந்து, பிற்பகலில் தனியாகிப் போனவர்கள்தான் அதிகம். அதனால் சைக்கிளைப் பற்றிச் சொல்வதைவிட, கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்புவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் விதி

இந்தியாவில் இத்தகைய பயணங்களில் பெரும்பாலானவை ‘ப்ரெவே’ முறையில், அதாவது குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் முறையில், நடக்கின்றன. விதிகளை வகுத்தது பாரிசில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். இங்கே அதன் இந்தியப் பிரதிநிதி அமைப்பின் கீழ் அந்தந்த ஊர்க் குழுக்கள் நடத்துகின்றன. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவர் சூப்பர் ராண்டனர். 1891இல் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் பயணம் 1,200 கிலோமீட்டர். அதை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குப் போகிறவர்களும் இந்தப் படிகளில் ஏறித்தான் போகிறார்கள்.

இது போட்டி அல்ல. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்று பட்டியல் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் முடித்தவர், அவ்வளவுதான். வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கும். கையில் கொடுக்கும் அட்டையில் அங்கங்கே கையெழுத்தோ முத்திரையோ வாங்க வேண்டும். ஒவ்வொரு சாவடிக்கும் மூடும் நேரம் உண்டு. அது பெரும்பாலும் மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்கில் வரும். சாவடிகளுக்கு இடையில் வீட்டுக்காரர்கள் காரில் பின்தொடர்ந்து தண்ணீர் கொடுப்பதெல்லாம் கூடாது. கடையில் வாங்கிக்கொள்ளலாம், கூட மிதிப்பவர்கள் உதவலாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மிதிக்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் 200க்குப் பத்து மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரம் உங்கள் கையில். 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்சம் இரண்டே கால் மணி நேரம் சொச்சம். அதற்குள் டீ, சாப்பாடு, பஞ்சர், ஒண்ணுக்குப் போவது, சாவடியில் வரிசை எல்லாம் அடங்க வேண்டும். கடையில் ‘அஞ்சு நிமிஷம்’ என்று உட்கார்ந்தால் இருபது நிமிடம் போய்விடும். ஐந்து கடையில் அப்படி உட்கார்ந்தால் முடிந்தது கதை.

எந்தப் பாதை

முதல் பயணத்துக்குச் சமதளமான பாதையைத் தேர்ந்தெடுங்கள். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனி போய் அதே வழியில் திரும்பினால் ஏறக்குறைய 210 கிலோமீட்டர் வரும். எனக்குப் பிடித்தது இதுதான், அதற்குக் காரணம் காற்று. காலையில் கிழக்கே போகும்போது காற்று எழுந்திருக்காது. பத்து மணிக்கு மேல் கீழ்காற்று எழும்போது கொஞ்ச நேரம்தான் எதிர்க்கும். பழனியில் திரும்பியதும் பொள்ளாச்சி வரைக்கும் அதே காற்று முதுகைத் தள்ளும். களைத்துப் போன காலுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளையும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளையும் முதல் பயணத்தில் தொடாதீர்கள். இரண்டும் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலைகள், இருட்டில் அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை.

தேதியையும் பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய ஒரு வாரம் பழனிச் சாலையெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த வாரம் பயணம் வந்தால் கோபி, சத்தியமங்கலம் பக்கம் போகிற பாதையாக இருப்பது நல்லது.

எட்டு வாரம்

தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் தொடங்கினால் தை மாதத்துக்குத் தயாராகிவிடலாம். வாரத்தில் இரண்டு நாள் காலையில் 20 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நீண்ட பயணம்: 40, 50, 65, 80 என்று ஏற்றி, ஐந்தாவது வாரம் 60க்கு இறக்கி, பிறகு 100, 120. கடைசி வாரம் 30 போதும். 120ஐ முடித்துவிட்டு மாலையில் வீட்டு வேலை பார்க்க முடிகிறதென்றால் 200 உங்களால் முடியும்.

தூரத்தைவிட முக்கியமாக இரண்டு விஷயம். எட்டு ஞாயிறுகளில் இரண்டிலாவது விடியற்காலை ஐந்து மணிக்கே இருட்டில் கிளம்புங்கள். இன்னும் இரண்டில் வேறு யாருடனாவது சேர்ந்து போங்கள். தனியாகவே பழகியவர்கள் கூட்டத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் போகிறவர் சக்கரத்தை ஒட்டி மிதிப்பது பழகினால்தான் வரும். காங்கேயம்-தாராபுரம் சாலை மாதிரி ஏறி இறங்கும் சாலையில் ஒரு நாளாவது மிதியுங்கள். கியர் மாற்றுகிற பழக்கம் தானாக வரும்.

சைக்கிளும் முள்ளும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. ரோடு பைக்கோ ஹைப்ரிடோ கியர் உள்ள எதுவும் போதும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் நம் சாலைகளுக்குச் சரி. சீட் உயரத்தை மட்டும் சரி பார்த்துக்கொள்ளுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும். முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் இறங்கியிருந்தால் நூறாவது கிலோமீட்டரில் முட்டிக்கு முன்னால் வலி தொடங்கும்.

புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பிரேக் ரப்பர், செயின், ஸ்போக் எல்லாம் கடையில் காட்டிவிடுங்கள். முந்தின நாள் எதையும் மாற்றாதீர்கள். புது சீட், புது ஷூ இரண்டையும் அன்றைக்கு முதல் தடவையாகப் பயன்படுத்தவே கூடாது.

பஞ்சரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில், வெள்வேல மரங்கள் நிறைய. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். வேலி வெட்டுகிற காலத்தில் முள் சாலைக்கு வந்துவிடும். ஒருமுறை தை மாதத்தில் தாராபுரம் சாலையில், விடிவதற்கு முன்பே எனக்குப் பின் டயர் இறங்கிவிட்டது. அவசர அவசரமாக டியூப்பை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டவில்லை, மறுபடியும் இறங்கியது. கூட வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். பாதி சுற்று வந்ததும் விரல் நின்றது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முள் முறிந்து ரப்பருக்குள் புதைந்து, உள்பக்கம் அரிசி நுனி அளவுக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நகவெட்டியால் கவ்வி இழுத்தார். கால் அங்குலத்துக்கு வெள்ளையாக வந்தது. ‘இத எடுக்காம பத்து டியூப் போட்டாலும் நிக்காதுங்க’ என்றார்.

அதிலிருந்து என் பையில் நகவெட்டி எப்போதும் இருக்கும். அதோடு இரண்டு டியூப், ஒட்டு போடுகிற சாமான், டயரைக் கழற்ற இரண்டு லீவர், கைப்பம்பு, ஆலன் சாவிக் கொத்து, ஒரு பழைய துணி. குளிரில் விரல் மரத்துப்போகும், இருட்டும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் மூன்று தடவை டியூப் மாற்றிப் பாருங்கள்.

விளக்கும் உடுப்பும்

தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் உதிக்க 6.45 ஆகிவிடும். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருட்டு. முன்விளக்கு சாலையிலுள்ள குழியைக் காட்டுகிற அளவுக்கு இருக்க வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசாமல் கீழே சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு மாட்டுங்கள். ஒன்று அணைந்தாலும் ஒன்று எரியும். மினுக்க விடாமல் நிலையாக எரிய விடுங்கள். கூட்டத்தில் பத்து சைக்கிள் மினுக்கினால் பின்னால் வருகிறவருக்குத் தலை சுற்றும், தூரமும் தெரியாது. ஒளி திருப்பும் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் புறப்பட விடமாட்டார்கள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்புப் பக்கமும் மடத்துக்குளத்தில் அமராவதியை ஒட்டிய வயல் பக்கமும் பனி இறங்கும். கண்ணாடி மங்கும், சாலையில் வெள்ளைக் கோடு வழுக்கும். அந்த நேரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கில்லாமல் போகும். கரும்புச் சோகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் இருட்டு கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கனமான ஸ்வெட்டர் போட்டு வருவது. முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் உள்ளே வியர்த்து நனைந்து, நின்றதும் உடம்பு நடுங்கும். பருத்தி பனியனும் அப்படித்தான், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் டீசர்ட் திருப்பூரிலேயே மலிவாகக் கிடைக்கிறது. அதன் மேல் மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட், தோளிலிருந்து மணிக்கட்டு வரை கைக்கு உறை, காதை மூட ஒரு துணி, விரலுக்குக் கையுறை போதும். நெஞ்சுக்குக் குளிர் தாங்காதவர்கள் நாளிதழ்த் தாளை இரண்டாக மடித்து டீசர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏறவே ஏறாது. வெயில் வந்ததும் எடுத்துவிடலாம்.

மெத்தை வைத்த சைக்கிள் டவுசர் கட்டாயம். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் உரசியே புண்ணாக்கிவிடும். உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

முந்தின இரவு அரிசிம்பருப்புச் சாதம், ஒரு கரண்டி நெய். இதற்கு மேல் சிறப்பாக எதுவும் தேவையில்லை. பிரியாணியும் பரோட்டாவும் திரும்பி வந்த பிறகு.

வழியில் பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். மணிக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போகட்டும்: ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு கடலை மிட்டாய், அல்லது எள்ளுருண்டை. ஜெல், பொடி என்று விற்பதை வாங்கிக் காசைக் கரைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இட்லியும் வாழைப்பழமும் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

குளிர்காலத்தில் மோசம் செய்வது தண்ணீர்தான். தாகமே தெரியாது. வியர்வை காற்றில் காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதும் தெரியாது. மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்து, கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குக் குடியுங்கள். ஒரு பாட்டிலில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சம்பழமும் உப்பும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள் என்று பொருள். திரும்பும் வழியில் பொள்ளாச்சி இளநீரை விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு

நாலேகாலுக்கெல்லாம் புறப்படும் இடத்தில் இருங்கள். டயரில் காற்று, பிரேக், விளக்கு பார்த்து அட்டையை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரே பையில் வையுங்கள். அட்டை தொலைந்தால் பயணம் கணக்கில் சேராது. ரத்தப் பிரிவும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஐந்து மணிக்குக் கொடி அசைந்ததும் முன்கூட்டம் பறந்துவிடும். அவர்களைப் பார்க்காதீர்கள். முதல் 40 கிலோமீட்டர், அதாவது பொள்ளாச்சி வரை, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் அது உங்கள் வேகமில்லை. கிணத்துக்கடவு தாண்டும்போது யார் உங்கள் வேகத்தில் வருகிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டு மூன்று பேர் நிச்சயம் இருப்பார்கள். பேர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், ‘சேந்தே போலாமுங்களா’ என்று கேட்டுவிடுங்கள். அன்றைய பயணத்தின் பாதி வேலை அந்தக் கேள்வியில் முடிந்துவிடும்.

முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு நல்ல அளவு உழைப்பு மிச்சமாகும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முன்னால் மாறிக்கொள்ளுங்கள். முன்னால் வருகிறவர் வேகத்தைக் கூட்டக் கூடாது. பொதுவாக முறை வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு அதுதான். முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகவே கூடாது. அவர் லேசாக ஒதுங்கினாலும் விழுவது நீங்கள். முதல் முறை என்றால் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். நெடுஞ்சாலையில் ஒற்றை வரிசைதான்.

முன்னால் போகிறவர்தான் பின்னால் வருகிறவர்களுக்குக் கண். ‘குழி’, ‘மணல்’, ‘நிக்குறேன்’ என்று சத்தமாகச் சொல்லிக் கையையும் காட்டுங்கள். கடைசியில் வருகிறவர் ‘வண்டி வருது’ என்று சொல்ல வேண்டும். தையில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும்: ‘கொள்ளு!’ கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து, வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். அதில் டயர் வழுக்கும், கொடி கியரில் சுற்றிக்கொள்ளும். ஓரமாக இடமிருந்தால் அதில் போங்கள், இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அவர்களின் பல மாத உழைப்பு அது, கத்திவிட்டுப் போகாதீர்கள்.

பாதயாத்திரைக்காரர்கள் நடந்தால் தூரத்திலிருந்தே மணியடித்து, ‘சாமி, வலது பக்கம் வர்றோமுங்க’ என்று குரல் கொடுங்கள். பாதி பேர் தூக்கக் கலக்கத்தில் நடப்பார்கள். மணி மட்டும் அடித்தால் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்ல முடியாது.

நாய் துரத்தினால் வேகமெடுக்காமல், உதைக்காமல், நேராகப் பிடித்துக்கொண்டு அதட்டுங்கள்.

நிற்கும் இடங்களைக் குழுவாக முன்பே முடிவு செய்துவிடுங்கள். பொள்ளாச்சியில் பத்து நிமிடம், உடுமலையில் இட்லிக்கு இருபத்தைந்து நிமிடம், அப்புறம் நேரே பழனி. 105 கிலோமீட்டரில் சாவடி என்றால் அது நண்பகல் 12 மணிக்கு மூடும். பத்தரைக்குள் போய்விட்டால் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடலாம்.

திரும்பும்போது

என் முதல் 200இல் நான் முன்கூட்டத்தைத் துரத்தினேன். பழனிக்கு ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தேன். திரும்பி மடத்துக்குளம் தாண்டியதும் கால் இரும்பாகிவிட்டது. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆனாலும் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். யார் யாரோ கடந்து போனார்கள். அப்போது காலையில் நான் முந்திப் போன ஒரு அக்கா, கோபிக்காரர், அதே வேகத்தில் வந்து நின்றார். பையிலிருந்து இரண்டு கடலை மிட்டாய் எடுத்துக் கையில் வைத்து, நான் தின்று முடிக்கிற வரை நின்றார். ‘தம்பி, முன்னாடி போனவங்கள உட்டுருங்க. எம் பின்னாடியே வாங்க. பேச்சுக் குடுக்க வேண்டாம், மிதிச்சா போதும்.’ முப்பது கிலோமீட்டர் அவர் பின்னாலேயே வந்தேன். இருநூறு அடி பின்தங்கினாலும் அவர் மிதிப்பதை நிறுத்தி உருள விடுவார். கோமங்கலம் வந்தபோது என் கால் திரும்பியிருந்தது.

அதனால் சொல்கிறேன்: பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரையும் தனியாக விடாதீர்கள். பேச்சு குறைந்தவர், உணவை வேண்டாம் என்பவர், வளைந்து வளைந்து மிதிப்பவர் இருந்தால் உடனே நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, இனிப்பும் உப்புத் தண்ணீரும் கொடுங்கள். பத்து நிமிடத்தில் தேறவில்லை, தலை சுற்றுகிறது, நெஞ்சு அடைக்கிறது என்றால் பயணம் அங்கே முடிந்தது. நடத்துபவர்களுக்கும் வீட்டுக்கும் போன் செய்துவிட்டு, நெஞ்சு என்றால் 108ஐயும் அழையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு பயணம் இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து வடக்கே திரும்பினால் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். லாரி கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி தள்ளும். ஹேண்டிலை இறுக்காமல் உறுதியாகப் பிடியுங்கள். ஐந்து மணிக்கு முடிவிடம் இன்னும் 20 கிலோமீட்டர் என்றால் அவசரமே இல்லை; கெடு 6.30. ஆறேகாலுக்கு இருட்டத் தொடங்குவதால் ஐந்தேமுக்காலுக்கே விளக்கைப் போட்டுவிடுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

அட்டையில் கடைசிக் கையெழுத்தைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, உடனே ஈர உடுப்பை மாற்றுங்கள். குளிர்காலத்தில் காய்ச்சல் பிடிப்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில் அசட்டையாக நின்றவர்களுக்குத்தான் என்பது என் அனுபவம். பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டுச் சாப்பிடுங்கள். வெளியூர்க்காரர்கள் இரவிலேயே கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தூக்கம் எப்போது வரும் என்று தெரியாது.

மறுநாள் சாயங்காலம் சைக்கிளை வெளியே எடுத்து, செயினில் சிக்கிய கொள்ளுச் சருகைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிறகு டயர் இரண்டையும் கழற்றி, உள்பக்கம் முழுக்க விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். காற்று இறங்காமலே பாதி ஏறிய முள் ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும்.